பெட்டிக்குச் சொந்தக்காரர்கள்

ஸ்பானிஷ் படிக்க உதவும் காணொளிகளில் பாடம் தொடங்குமுன் சில விநாடிகள் இசை ஓடும். கிதார் விறுவிறுவென்று போகும். அதற்கு அடியில் தும்மென்றும் தக்கென்றும் மரச்சத்தம் ஒன்று கூடவே வரும். கேட்டவுடன் நமக்குள் ஒரு படம் விரிந்துவிடுகிறது: சுருக்கு வைத்த சிவப்புப் பாவாடை, காளைச்சண்டை மைதானம், வெள்ளையடித்த வீடுகள், வெளுத்த நிறமும் கருங்கூந்தலுமாக ஒரு பெண். ஸ்பானிஷ் பேசுகிறவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று அப்போதே முடிவாகிவிடும். 'மணி ஹைஸ்ட்' என்ற ஸ்பானிஷ் தொடரைப் பார்த்துவிட்டு மொழி கற்க வந்தவர்களுக்கு அந்த முடிவு இன்னும் கெட்டி.

கிதார் ஸ்பெயினுடையதுதான், அதில் வழக்கில்லை. அடியில் கேட்ட மரச்சத்தம் அங்கே பிறந்ததல்ல. அது ஸ்பெயின் போய்ச் சேர்ந்து சுமார் ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதை உண்டாக்கியவர்கள் தென்னமெரிக்காவில், பெரு நாட்டுக் கடற்கரையில் வாழும் கறுப்பின மக்கள். அவர்களுடைய தாய்மொழியும் ஸ்பானிஷ்தான். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அந்த மண்ணில் அதைப் பேசிவருகிறார்கள்.

வாத்தியத்தின் பெயர் கஹோன். முதன்முறை பார்ப்பவருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஒன்றரை அடி உயரம், ஒரு அடி அகலம், ஆறு பக்கமும் மரப்பலகை. இசைக்கருவி என்று சொல்ல ஒரு கம்பியில்லை, தோலில்லை, சாவியில்லை. ஐந்து பலகைகள் தடிமனாகவும் முன்பலகை மட்டும் மெல்லிசாகவும் இருக்கும். பின்பக்கம் கையளவு வட்டத் துளை. வாசிப்பவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, கால்களை அகட்டி, சற்றே பின்னால் சாய்த்து, தொடைகளுக்கு நடுவே கைகளை இறக்கி முன்பலகையில் தட்டுகிறார். பலகையின் நடுப்பக்கம் உள்ளங்கையால் தட்டினால் வயிற்றில் இறங்கும் கனத்த ஒலி. மேல் விளிம்பில் விரல்நுனியால் தட்டினால் சுள்ளென்று ஒலிக்கும். மேல்மூலைத் திருகாணிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பலகை சட்டத்தில் மோதி இன்னொரு ஒலி பிறக்கும். வித்தை தெரிந்தவர் கையில் இந்த மூன்றும் முப்பதாகும். சமையலறைப் பானை கடமான கதையைப் போலத்தான் இதுவும். தொடக்கத்தில் கைக்குக் கிடைத்த பாத்திரம். பிறகு மண்ணும் சூடும் கணக்குப் பார்த்துச் செய்யும் மானாமதுரைக் கடம். கஹோனும் சரக்குப் பெட்டியாகத் தொடங்கி, இன்று பலகையின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து செய்யப்படுகிற கருவியாகியிருக்கிறது.

1530களில் ஸ்பானியத் தளபதி பிஸாரோவின் படை இன்கா பேரரசுக்குள் நுழைந்தபோதே கூடவே ஆப்பிரிக்கர்களும் வந்திறங்கினார்கள். அதற்குப் பின் மூன்று நூற்றாண்டுகள் அடிமைக் கப்பல்கள் ஓயவில்லை. பெருவுக்கான பாதை நீளமானது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி இன்றைய கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் இறக்குவார்கள். அங்கே உயிரோடு மிஞ்சியவர்களைப் பனாமாவுக்குக் கொண்டுபோய், நிலத்தைக் கடந்து மறுகரையில் மீண்டும் கப்பலேற்றி, பசிபிக் வழியாக லிமாவின் துறைமுகமான காயாவோவில் கொண்டுவந்து விற்பார்கள். 1614இல் வைஸ்ராய் மோன்தெஸ்க்ளாரோஸ் கணக்கெடுக்கச் சொன்னபோது லிமா நகரத்தின் சுமார் 25,000 பேரில் 10,000க்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். ஸ்பானிஷ் அமெரிக்காவின் மிக முக்கியமான தலைநகரங்களில் ஒன்று அது. அதன் தெருவில் நடந்த ஐந்து பேரில் இருவர் ஆப்பிரிக்க வம்சம்.

அந்தத் தெருக்களில் வளர்ந்த ஒருவரைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் பலருக்குத் தெரியும். கையில் துடைப்பத்தோடு கறுத்த முகமாக நிற்கும் புனித மார்ட்டின் தே போரஸ். 1579இல் லிமாவில் பிறந்தவர். தந்தை ஸ்பானியப் பிரபு, தாய் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். 1962இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அவர் எந்த மொழியில் பேசியிருப்பார் என்று சொரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஸ்பானிஷ் படிப்பவர்களும் அந்த மொழியின் முகங்களை நினைக்கும்போது அவரை நினைப்பதில்லை. லிமாவில் அக்டோபர் மாதம் ஊதா உடையில் லட்சக்கணக்கானோர் திரளும் அற்புதங்களின் ஆண்டவர் பவனி இருக்கிறதே, அதன் மூலப் படத்தையும் 17ஆம் நூற்றாண்டில் மண்சுவரில் வரைந்தவர் அங்கோலாவிலிருந்து வந்த ஓர் அடிமை என்றுதான் மரபு சொல்கிறது.

பெட்டி எப்படி வாத்தியமாயிற்று? தேவாலயமும் அரசும் தோல்மேளங்களைத் தடைசெய்தன, அதனால் பெட்டிக்கு மாறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அழகான கதைதான், ஆனால் ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. எனக்கு அவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை என்றுதான் படுகிறது. காயாவோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், கான்யேத்தே, சின்ச்சா பகுதிகளின் கரும்பு, பருத்திப் பண்ணைகளில் உழைத்தவர்களும் பகலெல்லாம் சுமந்தது பெட்டி. மாலையில் உட்கார நாற்காலியாக இருந்ததும் அதே பெட்டி. உட்கார்ந்தவன் கை சும்மா இருக்குமா?

பெட்டி தனியாகவும் வரவில்லை. அதோடு இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று கஹித்தா. தேவாலயக் காணிக்கைப் பெட்டியின் வடிவில் கழுத்திலிருந்து தொங்கும் சிறு பெட்டி; ஒரு கை மூடியைத் திறந்து அடிக்க, மறு கை குச்சியால் பக்கவாட்டில் தட்டும். மற்றொன்று கிஹாதா. கழுதையின் கீழ்த்தாடை எலும்பு. சதை நீக்கிக் காயவைத்தால் பற்கள் குழியில் ஆடத்தொடங்கும். முஷ்டியால் பக்கத்தில் ஒரு குத்து விட்டால் அத்தனை பல்லும் சேர்ந்து சலசலக்கும். எசமானர்கள் காணிக்கை கேட்ட பெட்டியையும் செத்த கழுதையையும்கூட விடாமல் தாளத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

1854இல் அதிபர் ரமோன் காஸ்தியா அடிமைமுறையை ஒழித்தார். சுமார் 25,000 பேர் விடுதலை பெற்றார்கள். அரசு நஷ்டஈடு கொடுத்தது, விடுதலை பெற்றவர்களுக்கு அல்ல, அவர்களை இழந்த பண்ணையார்களுக்கு. பணம் வந்தது கடற்பறவை எச்சத்தை உரமாக ஏற்றுமதி செய்த வருமானத்திலிருந்து. அந்த எச்சத்தை வெட்டவும் கரும்பு அறுக்கவும் அதற்குள்ளேயே சீனக் கூலிகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். 1849க்கும் 1874க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களுடைய வழித்தோன்றல்களும் இன்று ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள். லிமாவில் தடுக்கி விழுந்தால் சீனச் சாப்பாட்டுக்கடை. அங்கே அதற்கு 'சிஃபா' என்று பெயர். பெருவைப் பற்றிய பாடம் என்றால் மாச்சு பிச்சு படமும் லாமா ஒட்டகமும் மட்டும் போடுகிறவர்கள் இந்தக் கடைப்பலகைகளை ஒருமுறை பார்க்கலாம்.

விடுதலைக்குப் பின் பெட்டி லிமாவின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் போயிற்று. மலம்போ போன்ற பேட்டைகளில் கல்யாணம், பிறந்தநாள் என்று எது நடந்தாலும் விடிய விடியப் பாட்டு. மரினேரா நடனத்துக்கும் வால்ஸ் பாடல்களுக்கும் கஹோன் துணை. ஆனால் அந்தப் பாடல்களைத் 'தேசிய இசை' என்று மேடையேற்றியபோது கறுப்பினத்தவர் பங்கு மெல்ல ஓரமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் பாதிக்குள் பழைய நடனங்கள் பல மறைந்தேபோய், ஒன்றிரண்டு வரிகள் மட்டும் பாட்டிமார் நினைவில் மிச்சமிருந்தன. தாளக்கருவிக்கும் அதை அடிப்பவர் பிறப்புக்கும் முடிச்சுப்போட்டுப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களான நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மீட்டெடுப்பு 1950களில் தொடங்கியது. 1956இல் ஹோஸே துராந்த் என்ற அறிஞர் அமைத்த 'பாஞ்சோ ஃபியேரோ' குழு லிமாவின் நகராட்சி அரங்கில் கறுப்பின இசையை மேடையேற்றியது. அதே காலத்தில் இரும்புப் பட்டறையை விட்டுவிட்டு ஒருவர் வெளியே வந்தார். நிக்கோமேதெஸ் சாந்தா க்ரூஸ், 1925இல் பிறந்தவர். தெசிமா என்ற பத்தடிச் செய்யுள் வடிவம் ஸ்பெயினின் பொற்காலக் கவிதையிலிருந்து பெருவின் கறுப்பினப் பாடகர்களிடம் வந்து தங்கியிருந்தது. அது அழியும் நேரத்தில் அதைக் கையிலெடுத்து வானொலியிலும் பத்திரிகையிலும் இசைத்தட்டிலும் பரப்பினார். இலக்கணம் வழுவாத செவ்வியல் ஸ்பானிஷ் வடிவத்தைக் கட்டிக்காத்தவர் பட்டறையில் சம்மட்டி பிடித்த ஒரு கறுப்பினத்தவர் என்பதை ஸ்பானிஷ் இலக்கியம் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய அக்கா விக்தோரியா சாந்தா க்ரூஸ். பாரிஸில் நாடகமும் நடன அமைப்பும் படித்துத் திரும்பி, 1966இல் பெருவின் கறுப்பின நாடக நடனக் குழுவைத் தொடங்கினார். மறந்துபோன லாந்தோ போன்ற நடனங்களை உடம்பின் நினைவிலிருந்து மீட்டதாகச் சொல்வார். ஆவணம் கேட்கும் வரலாற்றாசிரியர்களுக்கு அது உவப்பாக இருக்காது. ஆனால் ஆவணம் எழுதும் உரிமை இல்லாதவர்களுக்கு வேறு என்னதான் வழி? 1969இல் ரொனால்தோ காம்போஸ் தொடங்கிய 'பெரு நெக்ரோ' குழு கஹோனை நாடு நாடாகக் கொண்டுபோனது.

இவ்வளவும் நடந்தது லிமாவுக்குள், அல்லது பெருவிலிருந்து போன மேடைகளில். பெட்டியின் தலையெழுத்தை மாற்றிய சம்பவம் 1970களின் இறுதியில் நடந்தது. பலரும் சொல்லும் ஆண்டு 1977. ஸ்பானியக் கிதார் மேதை பாக்கோ தே லூசியா கச்சேரிக்காக லிமா வந்திருந்தார். ஸ்பானியத் தூதர் அவருக்கு ஒரு விருந்து வைத்தார். அங்கே பாடியவர் சாபூக்கா க்ராந்தா, பெருவின் மிகப் புகழ்பெற்ற பாடலாசிரியை, வெள்ளையின மேட்டுக்குடிப் பெண். அவருடைய ஆகப் புகழ்பெற்ற பாட்டு, லிமா பாலத்தின்மேல் நடந்துபோகும் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றியது. அவருக்குப் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து வாசித்தவர் கைத்ரோ சோத்தோ. கான்யேத்தே பகுதியில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 'தோரோ மாத்தா' என்ற பழம்பாடலைத் தேடியெடுத்து இன்றைய வடிவம் கொடுத்தவர். கியூபாவின் செலியா க்ரூஸ் அந்தப் பாட்டைப் பாடி உலகமறியச் செய்தார்.

பாக்கோவின் காது பெட்டியில் நின்றுவிட்டது. ஏன் என்று புரிய, அவர் வாசித்த ஸ்பானிய இசையான ஃபிளமெங்கோவின் குறை தெரியவேண்டும். அதன் தாளம் கடினமானது. பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றில் அடி விழும் இடம் சீராக இருக்காது. அந்தத் தாளத்தைக் காக்க அவர்களிடம் இருந்தது கைத்தட்டலும், ஆடுபவரின் குதிகாலும், மேசைமேல் விரல்முட்டியால் தட்டும் பழக்கமும். பாங்கோ, காங்கா போன்ற கியூப மேளங்களைச் சிலர் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் தோல் ஒலி ஒரு சுருதியில் பாடும், கிதாரோடு உரசும். கஹோனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் கனத்த ஒலி மரமேடையில் பதியும் பாதம், சுள்ளொலி குதிகாலின் ஆணி. ஆடுபவர் இல்லாமலே ஆட்டத்தின் சத்தம் கிடைத்தது. பாக்கோ அந்தப் பெட்டியை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

ஸ்பெயினில் அதை முதலில் மேடையில் வாசித்தவரும் ஸ்பானியர் இல்லை. பிரேசிலின் பஹியாவிலிருந்து வந்த ரூபெம் தாந்தாஸ், பாக்கோவின் ஆறுபேர் குழுவில் தாளக்காரர். 1981இல் வெளிவந்த 'சோலோ கியேரோ காமினார்' இசைத்தட்டில் பெட்டி கேட்கிறது. அதற்குப் பிறகு நடந்தது வெள்ளம். பத்து பதினைந்து ஆண்டுகளுக்குள் கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையே அபூர்வம் என்றாயிற்று. ஸ்பெயினின் கைவினைஞர்கள் முன்பலகைக்குப் பின்னால் கிதார் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். அடித்தால் கம்பி பலகையில் படபடத்து சர்ரென்று ஒரு ஒலி கூடியது. பெருவின் பெட்டியில் அந்தக் கம்பி கிடையாது. ஒலி மாறியதும் பெயரும் மாறியது: 'ஃபிளமெங்கோ கஹோன்'. ஜெர்மன் கம்பெனிகள் அதைப் பெட்டி பெட்டியாகச் செய்து உலகமெங்கும் விற்றபோது அட்டையில் ஒட்டிய பெயரும் பெரும்பாலும் அதுவே. இன்று சென்னையில் கிதாரோடு பாடும் இளைஞர் குழுக்களில் டிரம்ஸுக்குப் பதில் இதை வைத்துக்கொள்கிறவர்கள் பலர். கேட்டால் ஸ்பெயின் வாத்தியம் என்பார்கள்.

பாக்கோவைக் குறை சொல்ல எதுவுமில்லை. பெருவிலிருந்து கொண்டுவந்தேன் என்று அவர் பேட்டிகளில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கேட்டவர்களுக்குப் 'பெரு' என்பது ஒரு நாட்டின் பெயராக மட்டும் விழுந்தது. அந்த நாட்டில் எந்த மக்கள் என்ற கேள்வி எழவில்லை.

ஸ்பெயினில் அந்தப் பெட்டியை ஏற்றுக்கொண்டவர்களையும் கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும். ஃபிளமெங்கோவை வளர்த்தவர்களில் பெரும்பங்கு கிதானோக்கள் என்ற ரோமா மக்கள். பாக்கோ அவர்களில் ஒருவரல்ல. அவரோடு பாடிய காமரோன் தே லா ஈஸ்லா கிதானோ. அந்த மக்களின் மூதாதையர் ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். ஸ்பெயின் மண்ணில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425இல், அரகோன் அரசரின் வழிச்செல்லும் அனுமதிச்சீட்டு. 1749இல் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஒரே நேரத்தில் சுற்றிவளைத்துச் சிறைபிடித்தார்கள். ஆண்களைக் கப்பல் தளங்களுக்கும் பெண்களையும் குழந்தைகளையும் வேறு இடங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். ஆக, சுற்றுலாச் சுவரொட்டியில் 'அசல் ஸ்பெயின்' என்று போடும் படத்தில் பாட்டு பெரும்பாலும் இந்திய வம்சாவளியினருடையது, பெட்டி ஆப்பிரிக்க வம்சாவளியினருடையது.

ஸ்பெயினுக்குள்ளேயே பழைய கறுப்பின வரலாறும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் செவியா நகரம் ஐரோப்பாவின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. அங்கே கறுப்பினத்தவருக்காக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பக்தசபை ஒன்று இன்றும் இருக்கிறது. 'லோஸ் நெக்ரீத்தோஸ்' என்று அழைக்கப்படும் அந்தச் சபை புனித வியாழன் அன்று பவனி வருகிறது. உறுப்பினர்கள் இப்போது பெரும்பாலும் வெள்ளையர்கள். பெயர் மட்டும் பழையது. ஓவியர் வெலாஸ்கெஸின் அடிமையாக இருந்து தானும் ஓவியரான ஹுவான் தே பரேஹாவின் கம்பீரமான உருவப்படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. 2016இல் மிகேல் ஆங்ஹெல் ரொஸாலெஸ் எடுத்த 'குரும்பே' என்ற ஆவணப்படம், ஃபிளமெங்கோவுக்குள் ஆப்பிரிக்கர்கள் விட்டுப்போன தடங்களைத் தேடுகிறது.

இனி மொழி கற்பவரின் காது. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆந்தலூசியாவில், அதாவது ஃபிளமெங்கோவின் சொந்த மண்ணில், சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். கியூபாவிலும் தொமினிக்கன் குடியரசிலும் கரீபியக் கரையோரக் கொலம்பியாவிலும் அதேபோலத்தான் விழுங்குவார்கள். ஆந்தலூசியக் குடியேறிகளின் பேச்சு கப்பலேறிப் போனதும் இந்த ஒற்றுமைக்கு ஒரு காரணம். ஆனால் கற்பவர்களின் தீர்ப்பைக் கேட்டுப்பாருங்கள். ஆந்தலூசியர் விழுங்கினால் அது பாட்டுப் போல இனிக்கிற வட்டாரப் பேச்சு. தொமினிக்கன் நாட்டுக் கறுப்பின இளைஞர் விழுங்கினால் 'கொச்சை', 'இவரிடம் ஸ்பானிஷ் கற்கக்கூடாது'. இணையத்தில் பேச்சுப் பயிற்சிக்கு ஆசிரியர் தேடுகிறவர்கள் முகப்படத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப்போவதும் நடக்கிறது. வெள்ளை முகம் தெரிந்தால் 'சுத்த உச்சரிப்பு' என்று நம்பிக்கை. ஒலி ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் தோலைப் பார்த்து மாறுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இந்தத் தீர்ப்பு நிற்காது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 50 கோடி. அதில் ஸ்பெயின் நாட்டவர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிகம் பேர் மெக்சிகோவில். அந்த மெக்சிகோவிலும் பசிபிக் ஓரத்தில் கோஸ்தா சீக்கா என்ற பகுதியில் கறுப்பின ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் ஒரு பெட்டியைக் கையாலும் கட்டையாலும் தட்டி வாசிக்கிறார்கள். 2019இல்தான் மெக்சிகோவின் அரசியல் சட்டம் அவர்களை ஒரு மக்களாக ஏற்றது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் 25 லட்சம் பேருக்கும் மேல் தங்களை ஆப்பிரிக்க வம்சம் என்று பதிவு செய்தார்கள். கியூபாவில் மத்தான்சாஸ், ஹவானா துறைமுகங்களில் உப்பிட்ட மீன் வந்த பெட்டியும் மெழுகுவர்த்தி வந்த பெட்டியும் ரும்பாவின் மேளங்களாயின. ஆப்பிரிக்காவிலேயே ஒரு நாடு ஸ்பானிஷை ஆட்சிமொழியாக வைத்திருக்கிறது: 1968இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற எக்குவட்டோரியல் கினி. அங்கே பிறந்த தொனாத்தோ ந்தோங்கோ போன்ற எழுத்தாளர்கள் ஸ்பானிஷிலேயே நாவல் எழுதுகிறார்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இந்தப் பெயரைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பெட்டியின் கதைக்குத் திரும்பினால், பெரு விழித்துக்கொண்டது தாமதமாகத்தான். 'ஃபிளமெங்கோ கஹோன்' என்ற பெயர் உலகெங்கும் ஒட்டிக்கொண்ட பிறகு, 2001இல் அரசு கஹோனைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. நிக்கோமேதெஸ் பிறந்த ஜூன் 4ஆம் தேதியை 2006இல் ஆப்பிரிக்க-பெருவியப் பண்பாட்டு நாள் என்று சட்டமாக்கினார்கள். 2009இல் பெரு அரசு ஆப்பிரிக்க-பெருவிய மக்களிடம் வரலாற்று அநீதிக்காக மன்னிப்புக் கேட்டது. 2011இல் பாடகி சுசானா பாக்கா கலாசார அமைச்சரானார். பெருவின் வரலாற்றில் அந்த நாற்காலி வரை போன முதல் கறுப்பினப் பெண். ஆனால் சில மாதங்களிலேயே அமைச்சரவை மாறி, அவர் பதவி போயிற்று. 2014இல் அமெரிக்க நாடுகள் அமைப்பு கஹோனைப் 'பெரு அமெரிக்கக் கண்டத்துக்குத் தந்த வாத்தியம்' என்று அங்கீகரித்தது. சாந்தா க்ரூஸ் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காரர் ரஃபாயேல் சாந்தா க்ரூஸ் லிமாவில் கஹோன் திருவிழா தொடங்கி, நகரின் மையச் சதுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் பெட்டிமேல் உட்காரவைத்து வாசிக்கச் செய்தார்.

பெட்டிக்கு இத்தனை மரியாதை வந்துவிட்டது. மனிதர்களுக்கு? 1940க்குப் பிறகு பெருவின் மக்கள்தொகைக் கணக்கில் இனத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. 2017இல்தான், நீங்கள் உங்களை எந்த இனமாகக் கருதுகிறீர்கள் என்று கேட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 12 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 3.6 சதவீதம், கறுப்பினம் என்று சொன்னார்கள். வாத்தியத்துக்கு அரசுச் சான்றிதழ் கிடைத்துப் பதினாறு ஆண்டுகள் கழித்துத்தான் அதைச் செய்தவர்களை எண்ணிப்பார்க்கத் தோன்றியிருக்கிறது. எனக்கு இதுதான் பெருவின் மேல் உள்ள பெரிய குறை.

ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கும் கற்பிக்கிறவர்களுக்கும் ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். விக்தோரியா சாந்தா க்ரூஸின் 'மே கிரித்தாரோன் நெக்ரா' என்ற கவிதையை அவரே நிகழ்த்தும் பதிவு யூடியூபில் இருக்கிறது. 1978இல் எடுத்த படம். தெருவில் தன்னைக் கறுப்பி என்று கத்தியதைக் கேட்டு ஒடுங்கிப்போன ஒரு சிறுமி, வளர்ந்து அந்தச் சொல்லையே நிமிர்ந்து நின்று தனதாக்கிக்கொள்வதுதான் அதன் கதை. சில நிமிடங்களே ஓடும். சொற்கள் எளியவை, திரும்பத் திரும்ப வருகின்றன, கைத்தட்டல் தாளத்தோடு சொல்வதால் உச்சரிப்பு காதில் நிற்கும். இரண்டாம் நிலை மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் அந்த இரண்டு வகை இறந்தகால வினைகளும், நடந்துகொண்டிருந்தது எது, நடந்து முடிந்தது எது என்ற வேறுபாட்டோடு அதில் பளிச்சென்று வருகின்றன. பயிற்சிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கோடிட்ட இடம் நிரப்புவதைவிட இது பயன்படும். அடுத்து சுசானா பாக்கா பாடிய 'மரியா லாந்தோ'வைக் கேளுங்கள்; ஓய்வே இல்லாமல் உழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது, மெட்டு அதே சாபூக்கா க்ராந்தாவுடையது. ஒரே பாடகரோடும் ஒரே நாட்டோடும் நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒரு நாடு என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை ஆண்டுக்குமேல் வரும். அதில் எக்குவட்டோரியல் கினியை விட்டுவிடாதீர்கள்.